பிளாவ் லேன் திடல்: விற்கப்பட்ட வீடு, மீட்கப்பட்ட பெயர்

விம்பிள்டன் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டென்னிஸ்தான். வெள்ளை உடையில் ஆட்டக்காரர்களும் ஜூலை மாத வெயிலும் பச்சைப் புல்தரையும் கண்முன் வந்து நிற்கும். ஆனால் தென்மேற்கு லண்டனில் உள்ள அந்த வட்டாரத்திற்கு இன்னொரு விளையாட்டு வரலாறும் உண்டு. அது சதுப்பு நிலத்தில் தொடங்கி, அடுக்குமாடி வீடுகளில் முடிந்துபோனதாகக் கருதப்பட்டு, மீண்டும் உயிர் பெற்ற ஒரு காற்பந்துத் திடலின் வரலாறு.

அந்தத் திடலின் பெயர் பிளாவ் லேன். கலப்பைச் சந்து என்று தமிழில் பொருள் சொல்லலாம். 1912 முதல் 1991 வரை, 79 ஆண்டுகள், விம்பிள்டன் காற்பந்துக் குழுவின் சொந்த வீடாக அது இருந்தது.

சனிக்கிழமை இரவுகளில் உணவுக்கடைத் தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்து இங்கிலீஷ் பிரிமியர் லீக் பார்ப்பவர்கள் மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல் போன்ற பெரிய குழுக்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். எந்த ஆட்டக்காரரை எத்தனை மில்லியனுக்கு வாங்கினார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆனால், காற்பந்துக் குழு என்பது உண்மையில் யாருக்குச் சொந்தம்? பணம் போட்ட முதலாளிக்கா, ஆட்டக்காரர்களுக்கா, அல்லது தலைமுறை தலைமுறையாகத் திடலுக்கு வந்துபோகும் ஊர் மக்களுக்கா? இந்தக் கேள்விக்கு விடை தேட பிளாவ் லேனைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

சதுப்பு நிலத்தில் ஒரு திடல்

1889-ஆம் ஆண்டு விம்பிள்டனில் ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு காற்பந்துக் குழுவைத் தொடங்கினார்கள். விம்பிள்டன் ஓல்ட் சென்ட்ரல்ஸ் என்பது அதன் பெயர். அவர்களுக்குச் சொந்தத் திடல் கிடையாது. விம்பிள்டன் காமன் என்னும் பரந்த பொதுவெளியில் விளையாடினார்கள். உடை மாற்றிக்கொள்ள அருகிலிருந்த ஒரு மதுக்கடையைப் பயன்படுத்தினார்கள். 1905-இல் அந்தக் குழு விம்பிள்டன் எஃப்சி என்று பெயர் மாறியது.

1912-இல்தான் நிரந்தரமாக ஓர் இடம் அமைந்தது. பிளாவ் லேன் தெருவும் ஹேடன்ஸ் ரோடும் சந்திக்கும் மூலையில், வாண்டில் ஆற்றுக்குப் பக்கத்தில், பயன்படாமல் கிடந்த சதுப்பு நிலம் அது. அதை வேலியிட்டு, மட்டம் செய்து, திடலாக்கினார்கள். 1923-இல் கிளாப்டன் ஓரியண்ட் குழுவிடமிருந்து பழைய பார்வையாளர் கூடம் ஒன்றை வாங்கி வந்து நிறுவினார்கள். பணக்காரக் குழுவாக இருந்தால் புதிதாகக் கட்டியிருப்பார்கள். இது சிறிய குழு. பிறர் கழித்ததை வாங்கிப் பயன்படுத்தியது.

அந்தக் காலத்தில் விம்பிள்டன் ஊதியம் வாங்காத அமெச்சூர் ஆட்டக்காரர்களின் குழுவாகவே இருந்தது. பிளாவ் லேனில் மிக அதிகமான கூட்டம் திரண்டதும் அந்த அமெச்சூர் காலத்தில்தான். 1935 மார்ச் 2-ஆம் தேதி எச்எம்எஸ் விக்டரி என்ற கடற்படைக் குழுவுடன் நடந்த எஃப்ஏ அமெச்சூர் கிண்ண ஆட்டத்தைக் காண 18,080 பேர் வந்தார்கள். பின்னாளில் லிவர்பூலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் அதே திடலில் வந்து ஆடியபோதுகூட அந்த எண்ணிக்கையை எட்ட முடியவில்லை.

1963-இல் வெம்பிளி அரங்கில் நடந்த அமெச்சூர் கிண்ண இறுதியாட்டத்தில் விம்பிள்டன் 4-2 என்ற கோல் கணக்கில் சட்டன் யுனைடெட்டை வென்றது. நான்கு கோல்களையும் எடி ரெனால்ட்ஸ் என்ற ஒரே ஆட்டக்காரர் அடித்தார். நான்குமே தலையால் முட்டி அடித்தவை. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது மீண்டும் வரும்.

8,250 பவுண்டும் ஒரு நிபந்தனையும்

இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் எந்த ஆட்டத்திலும் நடக்கவில்லை. அது ஒரு பத்திரத்தில் நடந்தது.

1959-இல் குழுவின் தலைவர் சிட்னி பிளாக், திடல் நிலத்தை நகர மன்றத்திடமிருந்து 8,250 பவுண்டுக்கு வாங்கினார். அப்போது நகர மன்றம் ஒரு நிபந்தனை விதித்தது. விளையாட்டு, பொழுதுபோக்கு அல்லாத வேறு காரியத்திற்கு நிலத்தை விற்க நேர்ந்தால், அதே 8,250 பவுண்டுக்கு நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமை மன்றத்திற்கு உண்டு என்பதே அந்த நிபந்தனை.

இதன் பொருள் என்ன? நிலத்தின் விலை எவ்வளவு ஏறினாலும் யாரும் அதை விற்று லாபம் பார்க்க முடியாது. லாபம் இல்லாத இடத்தில் விற்கும் ஆசையும் எழாது. ஆட்டக்காரர்கள் திடலில் கோலைக் காத்தார்கள் என்றால், இந்த ஒரு வரி திடலையே காத்து நின்றது.

ஒன்பது ஆண்டு ஏற்றம்

1964-இல் விம்பிள்டன் தொழில்முறைக் குழுவாக மாறி சதர்ன் லீக்கில் சேர்ந்தது. 1975 ஜனவரியில் எஃப்ஏ கிண்ணப் போட்டியில் முதல் டிவிஷன் குழுவான பர்ன்லியை அதன் சொந்தத் திடலிலேயே 1-0 என்று வீழ்த்தி இங்கிலாந்தை வியக்க வைத்தது. அடுத்த சுற்றில், நடப்பு லீக் வெற்றியாளரான லீட்ஸ் யுனைடெட்டுடன் அதன் திடலில் கோலின்றிச் சமநிலை கண்டது. அந்த ஆட்டத்தில் பீட்டர் லோரிமர் அடித்த பெனால்டியைக் கோல் காவலர் டிக்கி கை தடுத்தார்.

மறு ஆட்டம் பிளாவ் லேனில் நடக்கவில்லை. கூட்டத்தைத் தாங்கக்கூடிய செல்ஹர்ஸ்ட் பார்க் அரங்கிற்கு அது மாற்றப்பட்டது. 45,000-க்கும் மேற்பட்டோர் பார்த்த அந்த ஆட்டத்தில் விம்பிள்டன் 0-1 என்று தோற்றது. செல்ஹர்ஸ்ட் பார்க் என்ற பெயர் விம்பிள்டன் ரசிகர்களின் வாழ்க்கையில் பிற்காலத்தில் வேறு விதமாக நுழையப் போகிறது என்பதை அன்று யாரும் அறிந்திருக்க முடியாது.

1977-இல் விம்பிள்டனுக்கு ஃபுட்பால் லீக்கின் நான்காவது டிவிஷனில் இடம் கிடைத்தது. 1986-இல் அது முதல் டிவிஷனுக்கு உயர்ந்தது. இடைப்பட்டது ஒன்பதே ஆண்டுகள். டேவ் பாசெட்டின் பயிற்சியில் நீண்ட பந்துகளை அனுப்பி, உடல் வலிமையால் எதிரணியைத் திணறடிக்கும் பாணியில் ஆடிய அந்தக் குழுவைக் கிரேசி கேங் என்று அழைத்தார்கள். அழகான ஆட்டம் அல்ல என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் பெரிய குழுக்கள் பிளாவ் லேனுக்கு வர அஞ்சின. நெருக்கமான சிறிய திடலும் வசதி குறைந்த உடைமாற்றும் அறையும் விருந்தாளிகளுக்குச் சங்கடமாகவே இருந்தன.

1988 மே 14-ஆம் தேதி வெம்பிளியில் நடந்த எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் அந்த ஆண்டின் லீக் வெற்றியாளரான லிவர்பூலை விம்பிள்டன் 1-0 என்று வென்றது. லாரி சான்செஸ் கோல் அடித்தார். ஜான் ஆல்ட்ரிட்ஜின் பெனால்டியைக் கோல் காவலர் டேவ் பெசன்ட் பாய்ந்து தடுத்தார். வெம்பிளி எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் பெனால்டியைத் தடுத்த முதல் கோல் காவலர் அவரே. லீக்கில் சேர்ந்து பதினோரு ஆண்டுகளே ஆன ஒரு குழுவுக்கு இதைவிடப் பெரிய பெருமை வேறென்ன வேண்டும்?

வாடகை வீடு

அடுத்த ஆண்டே இங்கிலாந்துக் காற்பந்தை உலுக்கிய துயரம் நிகழ்ந்தது. 1989 ஏப்ரல் 15-ஆம் தேதி ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் ஏற்பட்ட நெரிசல் 97 லிவர்பூல் ரசிகர்களின் உயிரைப் பறித்தது. 1990 ஜனவரியில் வெளிவந்த டெய்லர் அறிக்கை, உயர்நிலை டிவிஷன் அரங்குகளில் அனைவருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு 1994 ஆகஸ்டு வரை அவகாசம் தரப்பட்டது.

பிளாவ் லேனை அதற்கேற்ப மாற்றிக் கட்ட முடியாது என்று குழுவின் உரிமையாளர் சாம் ஹம்மாம் முடிவு செய்தார். லெபனானைச் சேர்ந்த தொழிலதிபர் அவர். காலக்கெடு முடிய மூன்று ஆண்டுகள் இருக்கும்போதே, 1991-இல், குழு திடலை விட்டு வெளியேறியது. 1991 மே 4-ஆம் தேதி நடந்த கடைசி ஆட்டத்தில் கிரிஸ்டல் பேலஸ் 3-0 என்று வென்றது. மூன்று கோல்களையும் இயன் ரைட் அடித்தார்.

விம்பிள்டன் குடியேறிய இடம் எது தெரியுமா? அதே கிரிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க். பேலஸின் உரிமையாளர் ரான் நோட்ஸ், முன்பு விம்பிள்டனின் உரிமையாளராக இருந்தவர். ஆக, பழைய முதலாளியின் வீட்டில் வாடகைக்குப் போனது போலாயிற்று. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட ஏற்பாடு பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது.

ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் தூரம்தானே என்று கேட்கலாம். நெரிசல் மிகுந்த தெற்கு லண்டனில் அது சிறிய தூரமல்ல. நடந்தே திடலுக்குப் போய்ப் பழகியவர்கள் குறைந்துபோனார்கள். 1993 ஜனவரி 26-ஆம் தேதி எவர்ட்டனுடன் நடந்த ஆட்டத்திற்கு வந்தவர்கள் வெறும் 3,039 பேர். பிரிமியர் லீக் ஆட்டங்களில் அப்படிக் குறைந்த கூட்டம் மிக அரிது.

இதற்கிடையே பழைய திடலில் குழுவின் இரண்டாம் நிலை அணி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. 1959-ஆம் ஆண்டின் நிபந்தனையை நகர மன்றம் பணம் பெற்றுக்கொண்டு விட்டுக்கொடுத்தது. காவல் வரி அழிக்கப்பட்டது. பின்னர் சேஃப்வே என்ற பேரங்காடி நிறுவனம் திடலை 8 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. 8,250 எங்கே, 8 மில்லியன் எங்கே? ஏறக்குறைய 970 மடங்கு. இடைப்பட்ட கால விலைவாசி உயர்வைக் கணக்கில் கொண்டாலும் இது மாபெரும் வேறுபாடு. அந்தப் பணத்தால் விம்பிள்டன் வட்டாரத்தில் ஒரு புதிய திடல் எழவில்லை.

பெயரும் பறிபோனது

வீடில்லாத குழுவை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்ற எண்ணம் முதலாளிகளுக்கு வருவது இயல்பு. அயர்லாந்தின் டப்ளினுக்கு மாற்றும் யோசனைகூட முன்வைக்கப்பட்டது. 1997-இல் ஹம்மாம் பெரும் பங்கை இரு நார்வே தொழிலதிபர்களுக்கு விற்றார். 2000 மே 14-ஆம் தேதி, எஃப்ஏ கிண்ணம் வென்ற அதே நாளில், சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, விம்பிள்டன் பிரிமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது.

2001 ஆகஸ்டில் நிர்வாகம் அதிர்ச்சிச் செய்தியை வெளியிட்டது. லண்டனுக்கு வடக்கே சுமார் 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் என்ற புதுநகருக்குக் குழு மாறப்போகிறது என்று அறிவித்தது. ரசிகர்கள் எதிர்த்தார்கள். லீக் நிர்வாகம் மறுத்தது. இறுதியில் மூவர் கொண்ட ஒரு குழுவிடம் விவகாரம் ஒப்படைக்கப்பட்டது. 2002 மே 28-ஆம் தேதி, இருவர் ஆதரிக்க ஒருவர் எதிர்க்க, இடமாற்றத்திற்கு அனுமதி கிடைத்தது. விம்பிள்டனில் புதிதாக ஒரு குழுவைத் தொடங்குவது காற்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இருந்தது.

2003 செப்டம்பரில் பழைய குழு மில்டன் கீன்சில் ஆடத் தொடங்கியது. 2004-இல் மில்டன் கீன்ஸ் டான்ஸ் என்று பெயர் மாறியது. பிளாவ் லேன் திடல் அதற்கு முன்பே, 2002-இல், இடிக்கப்பட்டுவிட்டது. முதலில் திடல் போனது. பிறகு குழு போனது. கடைசியில் பெயரும் போனது.

பொதுவெளியில் மீண்டும் ஒரு தொடக்கம்

தீர்ப்பு வந்த அதே வாரத்தில் விம்பிள்டன் ரசிகர்கள் கூடினார்கள். புதிய குழு தொடங்குவது உகந்ததல்ல என்று சொல்லப்பட்டதையே அவர்கள் தொடங்கினார்கள். கிரிஸ் ஸ்டூவர்ட் தலைவரானார். ஏஎஃப்சி விம்பிள்டன் என்று பெயர் வைத்தார்கள். ரசிகர்களே உறுப்பினர்களாக உள்ள ஓர் அறக்கட்டளையின் கையில் குழு ஒப்படைக்கப்பட்டது.

ஆட்டக்காரர்கள் வேண்டுமே? 2002 ஜூன் 29-ஆம் தேதி தகுதித் தேர்வு நடந்தது. சுமார் 230 பேர் வந்தார்கள். நடந்த இடம் விம்பிள்டன் காமன். 1889-இல் பள்ளியின் பழைய மாணவர்கள் பந்தை உதைத்துத் தொடங்கிய அதே பொதுவெளி.

ஜூலை 10-ஆம் தேதி சட்டன் யுனைடெட்டுடன் நடந்த முதல் நட்புமுறை ஆட்டத்தில் புதிய குழு 0-4 என்று தோற்றது. ஆனால் 4,657 பேர் வந்திருந்தார்கள். கம்பைண்ட் கவுன்டீஸ் லீக் என்ற அடிமட்டப் போட்டியில் சேர்ந்த அந்தக் குழுவின் ஆட்டங்களைக் காண முதல் பருவத்தில் சராசரியாக ஏறக்குறைய 3,000 பேர் திரண்டார்கள். பல படிகள் மேலே ஆடிக்கொண்டிருந்த பழைய விம்பிள்டனுக்கு அந்தப் பருவத்தில் அந்த அளவுகூடக் கூட்டம் வரவில்லை. மக்கள் யார் பக்கம் என்பதற்கு வேறு வாக்கெடுப்புத் தேவையில்லை.

2003 பிப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே காணாமல் சாதனை படைத்தது அந்தக் குழு. 2011 மே 21-ஆம் தேதி மான்செஸ்டரில் நடந்த தகுதி இறுதியாட்டத்தில் லூட்டன் டவுனைப் பெனால்டி மூலம் வென்று ஃபுட்பால் லீக்கில் நுழைந்தது. தொடங்கி ஒன்பது ஆண்டுகளில் ஐந்து படிகள். பழைய குழு நான்காவது டிவிஷனிலிருந்து முதல் டிவிஷனுக்கு ஏற எடுத்துக்கொண்டதும் ஒன்பது ஆண்டுகள்தான்.

பழைய குழுவின் வெற்றி நினைவுகளும் 2007-இல் ஊருக்குத் திரும்பின. எஃப்ஏ கிண்ணத்தின் மாதிரி உள்ளிட்ட நினைவுப் பொருள்கள் விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் நகர மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

இன்னொரு குழுவின் இழப்பு

இந்த வரலாற்றை முழுவதும் இனிப்பாகச் சொல்லிவிட முடியாது. ஏஎஃப்சி விம்பிள்டன் தொடக்கத்தில் ஆடிய இடம் பக்கத்து ஊரான கிங்ஸ்டனில் உள்ள கிங்ஸ்மெடோ திடல். அது கிங்ஸ்டோனியன் என்ற இன்னொரு சிறிய குழுவின் வீடு. பணச் சிக்கலில் அந்தக் குழு திடலை இழந்திருந்தது. 2003-இல் விம்பிள்டன் ரசிகர்கள் அதன் உரிமையை வாங்கி, கிங்ஸ்டோனியனையும் வாடகைக்கு ஆட அனுமதித்தார்கள். பிறகு சொந்த ஊர் திரும்பப் பணம் தேவைப்பட்டபோது திடலைச் செல்சி குழுவுக்கு விற்றார்கள். செல்சி மகளிர் அணி அங்கே ஆடத் தொடங்கியது. 2017-இல் கிங்ஸ்டோனியன் வெளியேற வேண்டியதாயிற்று. வீடிழந்த வேதனையை நன்கு அறிந்த ஒரு குழு திரும்பிச் சென்ற வழியில், இன்னொரு குழு வீடிழந்தது. இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மையான வரலாறு.

அது மட்டுமல்ல. புதிய திடல் எழுந்த இடம் நாய்ப் பந்தய அரங்கம் இருந்த நிலம். 2017 மார்ச்சில் அது மூடப்பட்டபோது நாய்ப் பந்தய ரசிகர்களும் கண்ணீர் விட்டார்கள். பெருநகரில் வெற்று நிலம் என்று எதுவும் இல்லை. ஒருவரின் வருகை பெரும்பாலும் இன்னொருவரின் புறப்பாடாகவே இருக்கிறது.

சில நூறு மீட்டர் தூரம்

2020 நவம்பர் 3-ஆம் தேதி ஏஎஃப்சி விம்பிள்டன் பிளாவ் லேன் தெருவுக்குத் திரும்பியது. பழைய திடலிலிருந்து சில நூறு மீட்டர் தூரத்தில் புதிய அரங்கம். டான்காஸ்டர் ரோவர்சுடன் நடந்த முதல் ஆட்டம் 2-2 என்று சமநிலையில் முடிந்தது. ஆனால் கொவிட் கட்டுப்பாடுகளால் அரங்கில் ரசிகர்கள் இல்லை. 29 ஆண்டுகள் காத்திருந்தவர்கள் அந்த நாளை வீட்டுத் திரைகளில்தான் பார்த்தார்கள்.

கட்டுமானச் செலவுக்குப் பணம் போதாதபோது ரசிகர்கள் கடன்பத்திரங்கள் மூலம் 5 மில்லியன் பவுண்டுக்கும் அதிகமாகத் திரட்டினார்கள். அரங்கை ஒட்டி 600-க்கும் மேற்பட்ட வீடுகளும் கட்டப்பட்டன. வீட்டுமனை வணிகத்தால் தொலைந்த திடல், வீட்டுமனை வணிகத்தின் துணையோடுதான் திரும்ப முடிந்தது.

பழைய திடலின் கதி என்ன? சேஃப்வேயின் பேரங்காடி அங்கே வரவே இல்லை. அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. அந்தக் குடியிருப்பின் பெயர் ரெனால்ட்ஸ் கேட். ஆம், 1963-இல் தலையால் நான்கு கோல் அடித்த அதே எடி ரெனால்ட்ஸ். பாசெட், பேட்ஸ்ஃபர்ட், கார்க் என்று குழுவின் பழைய பயிற்சியாளர்கள், ஆட்டக்காரர்கள் பெயர்களைக் கட்டடங்களுக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

இயற்கையும் பழையதை மறக்கவில்லை. 2024 செப்டம்பரில் கனமழையால் வாண்டில் ஆறு பெருக்கெடுத்து, புதிய அரங்கிற்குள் நீர் புகுந்து, புல்தரையில் பெரும் பள்ளம் விழுந்தது. நியூகாசல் யுனைடெட்டுடன் அங்கே நடக்கவிருந்த லீக் கிண்ண ஆட்டம் நியூகாசலின் திடலுக்கு மாற்றப்பட்டது. 1912-இல் முன்னோர் மண் நிரப்பிய சதுப்பு நிலம், தான் இன்னும் அங்கேதான் இருப்பதாகச் சொன்னது. பள்ளத்தைச் சரிசெய்து குழு அங்கேயே ஆட்டத்தைத் தொடர்ந்தது. 2025 மே மாதம் வெம்பிளியில் வால்சாலை 1-0 என்று வென்று மூன்றாம் நிலை லீக்கிற்கு மீண்டும் உயர்ந்தது.

யாருக்குச் சொந்தம்?

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். சட்டப்படி, பங்குகளை வைத்திருப்பவருக்கே குழு சொந்தம். 2002-இன் தீர்ப்பும் ஏறக்குறைய அந்த வழியில்தான் போனது. ஆனால் பங்குகளை எடுத்துக்கொண்டு போனவர்களால் விம்பிள்டன் என்ற பெயரைத் தங்களிடம் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஊரும் ரசிகர்களும் நினைவுகளும் பின்னால் வரவில்லை. வராதபோது பெயர் வெறும் எழுத்தாகிவிட்டது.

அதே சமயம், அன்பு மட்டும் இருந்தால் திடல் பிழைத்துவிடாது என்பதையும் பிளாவ் லேன் காட்டுகிறது. 1959 முதல் அந்தத் திடலைக் காத்தது பத்திரத்தில் இருந்த ஒரு நிபந்தனை. அது இருந்தவரை எந்த முதலாளியாலும் திடலைக் காசாக்க முடியவில்லை. அது கைமாறியபோது ரசிகர்கள் பெரும்பாலோர் அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். திடலுக்காக அவர்கள் கொடி பிடித்த நேரத்தில் எல்லாம் முடிந்திருந்தது. திரும்பிவர 29 ஆண்டுகள் ஆயின.

எந்த ஊரிலும் பொதுத் திடல் ஒன்று இருந்தால், அதில் பந்து உதைக்கும் பிள்ளைகளைப் பார்த்து மகிழ்வதோடு நின்றுவிடக் கூடாது. அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, அதன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஊர்ப் பெரியவர்கள் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கேட்க வேண்டிய நேரம், திடலில் இன்னும் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும் நேரம்தான்.